நெட் எப்போது போகிறது?

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று சென்னையின் தெற்கே தாம்பரத்துக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவே வளர்ந்த ஊர்களில், வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி என்று விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, இங்கே எந்த நெட் நன்றாக வருகிறது என்பதுதான். 2020-ல் பொதுமுடக்கம் வந்தபோது சோழிங்கநல்லூர், சிறுசேரி அலுவலகங்கள் வீட்டு ஹாலுக்குள் வந்தன. வாரத்தில் சில நாளாவது அந்த வேலை இன்னும் ஹாலில்தான் நடக்கிறது. நடுவில் மீட்டிங் உறைந்துபோனால் சம்பளத்துக்கே கேடு, ஆன்லைன் தேர்வு பாதியில் அறுந்தால் பிள்ளையின் மதிப்பெண் போயிற்று. அப்படியிருந்தும் கோளாறு வந்ததும் நாம் செய்வது என்ன? ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறோம், கம்பெனிக்கு போன் போட்டு "நெட் ஸ்லோவா இருக்கு" என்கிறோம், அதுவும் பலிக்காவிட்டால் அதிக வேகமுள்ள பிளானுக்கோ வேறு கம்பெனிக்கோ மாறுகிறோம். இந்த மூன்றுமே பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம். விட்டு விட்டு வரும் இணைப்பில் எவ்வளவு வேகம் என்ற கேள்விக்குப் பெரிய பயனில்லை. எப்போது போகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்ற இரண்டையும் கேட்டுக் குறித்து வைத்தால், பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

எந்த இடம் என்று கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவுக்குள் கடலடி கேபிள்கள் கரையேறும் முக்கியமான இரண்டு நகரங்களில் ஒன்று சென்னை; மற்றொன்று மும்பை. சிங்கப்பூருக்குப் போகும் ஐ-டூ-ஐ கேபிள் 2002-லேயே இங்கே வந்துவிட்டது. ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4 கேபிளுக்கும் இங்கே ஒரு கரை இருக்கிறது. பெரிய டேட்டா சென்டர்கள் பல மேடவாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத சிறுசேரியில் நிற்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு செய்திக்கு முப்பது மில்லி நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆனால் போதும். கடலடி கேபிள் அறுபடுவதும் உண்டு, ஆனால் அது நடந்தால் செய்தித்தாளில் வரும், ஊர் முழுக்கத் தெரியும். தினமும் ராத்திரி எட்டரைக்கு ஒரு ஃபிளாட்டில் மட்டும் வீடியோ கால் அறுந்தால் அதற்குக் கடலைப் பழி சொல்ல முடியாது. கோளாறு அநேகமாக நம் தெருமுனைக்கும் நம் கையிலுள்ள போனுக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டருக்குள் எங்கோ இருக்கிறது.

கம்பெனிகள் விற்பதோ ஒரே ஒரு எண்ணை: நொடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ். ஆனால் நம் தேவை அவ்வளவு பெரியதில்லை. முழு ஹெச்.டி. படம் பார்க்க 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. வீடியோ மீட்டிங்குக்கு அதைவிடக் குறைவு. நான்கு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 100 எம்பிபிஎஸ் பிளானில் மிச்சம் இருக்கும். பிறகு ஏன் உறைகிறது? தகவல் துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாகத்தான் பயணிக்கிறது. நூறு பாக்கெட்டில் இரண்டு மூன்று வழியில் தொலைந்தாலோ, சில பாக்கெட்டுகள் மட்டும் தாமதமாக வந்தாலோ, பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். ஸ்பீட் டெஸ்ட் இதைப் பிடிக்காது. அது சில நொடிகள்தான் ஓடுகிறது, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது, பெரும்பாலும் பக்கத்திலுள்ள சர்வரோடு, சில சமயம் அதே கம்பெனியின் சர்வரோடேயே பேசுகிறது. தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி வாங்கிக்கொள்ள அதற்கு நேரம் இருக்கிறது. எதிரில் பேசிக்கொண்டிருப்பவரின் குரலுக்கு அந்த நேரம் கிடையாது. 200 எம்பிபிஎஸ் காட்டும் வீட்டிலும் மீட்டிங் அறுவது இதனால்தான். அங்கே போய் 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்குவது வீண்செலவு.

இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குக் காசு செலவில்லை. லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ட் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரூட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் வெளியே உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் கட்டளையை ஓட விட வேண்டும். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும், இல்லாவிட்டால் ரூட்டருக்கு அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பார்க்கலாம். கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை நொடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசிப் பக்கத்தில் மில்லி நொடிக் கணக்கு இருக்கும்: ரூட்டருக்கு இரண்டு, மூன்று, வெளியே ஐந்து, எட்டு, பத்து. இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது மீட்டிங் உறைந்தால் உடனே இரண்டு ஜன்னலையும் பார்க்க வேண்டும். ரூட்டர் வரிகள் ஒழுங்காக வந்து, வெளி முகவரிக்கு மட்டும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று விழுந்தால், கோளாறு ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டுமே விழுந்தால், அல்லது ரூட்டருக்கே இருநூறு, முந்நூறு என்று எகிறினால், வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் என்றால் லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு நேராக இணைத்து அதே சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும். கேபிளில் சரியாகிவிட்டால் குற்றவாளி வைஃபை. கஸ்டமர் கேரோடு பல நாள் மல்லுக்கட்டியும் தெரியாத ஒரு விஷயத்தை இந்த ஒரு சோதனை ஒரே மாலையில் சொல்லிவிடும்.

வைஃபை என்று தெரிந்தால் கம்பெனிக்காரரைக் கூப்பிடவே வேண்டியதில்லை. ஃபைபர் போட வந்தவர் கேபிள் நுழைந்த இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அது பெரும்பாலும் வாசல் பக்கம், டி.வி.க்குப் பின்னால், சில வீடுகளில் லாஃப்ட் மேல் இருக்கும். வேலை செய்பவரோ பின்பக்க பெட்ரூமில் உட்கார்ந்திருப்பார். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் சோர்ந்துவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அங்கே நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. பெரும்பாக்கம் அடுக்குமாடி ஒன்றில் போனைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்கள் பத்து இருபது வரிசையாக நிற்கும். அத்தனையும் அந்த மூன்று சேனலில்தான் முட்டிக்கொள்கின்றன. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைப் பக்கம்தான். பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மாற்றுவதும், வேலை செய்யும் மேசைக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பதும் பெரிய செலவில்லை. சுவரில் கேபிள் ஓடுவது அசிங்கமாக இருக்கும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. அழகு முக்கியமா, வேலை முக்கியமா என்பது அவரவர் முடிவு. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கம்பியை மிஞ்சியது எதுவும் இல்லை.

கோளாறு ரூட்டருக்கு அப்பால் என்றால், ஃபைபர் பெட்டியின் முன்பக்க விளக்குகளைப் பார்க்க வேண்டும். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள். 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளியே வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்கலான நிலை இருக்கிறது, விட்டு விட்டு வரும் கோளாறு அதிகம் குடியிருப்பது அங்கேதான். நம் தெருவில் ஓடும் ஃபைபர் முறையில் கம்பெனியின் அலுவலகத்திலிருந்து வரும் ஒரே இழையை 'ஸ்ப்ளிட்டர்' என்ற சிறு துண்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. பிரிக்கப் பிரிக்க ஒளி மங்கும். நம் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவை லைன்மேன்கள் 'பவர்' என்பார்கள். பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டி அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்தால் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். மைனஸ் 20 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஆபத்து; இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை கண்டுகொள்ளும் எல்லை அதுதான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகிறது. ஆக மைனஸ் 26-ல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் வெயில் நாளில் ஒரு குறையும் தெரியாது. காற்றில் கேபிள் ஆடி ஜன்னல் கம்பியில் மடிந்தாலோ, மொட்டைமாடி ஜாயின்ட்டில் மழைத் தண்ணீர் இறங்கினாலோ இரண்டு டெசிபல் போய்விடும், இணைப்பும் போய்விடும். மழை விட்டதும் தானாகவே திரும்பி வரும். மறுநாள் மதியம் லைன்மேன் வந்து பார்த்தால் எல்லாம் பச்சையாக எரியும்; "நல்லாத்தானே சார் வருது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது பொய்யில்லை. பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் பச்சை நிற முனையைக் கழற்றிப் பார்த்தால், இரண்டரை மில்லிமீட்டர் பருமனுள்ள வெள்ளைக் குழாயின் மையத்தில் தலைமுடியளவு இழை தெரியும். விரல் பட்ட எண்ணெயோ தூசியோ அதில் ஒட்டினாலே ஒளி குறையும். ஆகவே அதை நாமே ஊதித் துடைக்கக் கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்கக் கூடாது. நாம் செய்ய வேண்டியது எண்ணைக் குறிப்பது: வெயிலில் எவ்வளவு, மழையில் எவ்வளவு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், எந்த லைன்மேனும் ஜாயின்ட்டைத் தேடிப் போகாமல் இருக்க முடியாது.

கரண்ட் விஷயத்தை யாரும் சந்தேகிப்பதில்லை, சந்தேகிக்க வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் தூக்கிக்கொள்ளும் இடைவெளியில் ஃபேன் நிற்காது, ஆனால் ரூட்டர் ஒருமுறை அணைந்து எழும். திரும்ப இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அந்தப் பக்கம் தள்ளினால் இடைவெளி குறையும். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ்ஸும் உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அப்டைம்' என்று ஒரு கணக்கு இருக்கும், கடைசியாக எழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது அது. யாரும் தொடாமலே அது இரண்டு மணி நேரம் என்று காட்டினால், பழைய அடாப்டர் தளர்ந்துவிட்டதா என்று பார்க்கலாம். அடுக்குமாடிகளில் இன்னொரு இடமும் உண்டு. கார் நிறுத்தும் தளத்தில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் உள்ளூர் கம்பெனியின் ஸ்விட்ச் இருக்கும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அதற்குக் கரண்ட் இல்லாவிட்டால் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கிக் கரண்டும் இல்லாமல் போனபோது, தரைத்தளத்தில் வைத்த எதுவும் மிஞ்சாது என்பது தெளிவாயிற்று. அந்தப் பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றச் சொல்லிக் கேட்பது குடியிருப்போர் சங்கத்தின் வேலை.

இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குச் சரியாகும் கோளாறு வேறு ரகம். விளக்கெல்லாம் பச்சை, பவர் நன்றாக இருக்கும், பிங் மட்டும் பத்திலிருந்து நூற்றைம்பதுக்கு ஏறியிருக்கும். அது நெரிசல். ஆனால் கம்பெனியைக் குறை சொல்லும் முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு சிசிடிவி கேமரா இணையத்துக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கலாம்; போன் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோக்களை மேலே ஏற்றத் தொடங்கலாம். மேலே போகும் பாதை நிரம்பினால் கீழே வருவதும் தடுமாறும். மற்ற எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து விலக்கிவிட்டு, கேபிளில் ஒரே ஒரு லேப்டாப்பை வைத்து அதே நேரத்தில் பார்த்தும் பிங் குறையவில்லை என்றால், நெரிசல் கம்பெனி பக்கம்தான். அங்கே ஸ்ப்ளிட்டர் வழியாக நொடிக்கு 2.4 ஜிகாபிட் அளவை அத்தனை வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே, சிறிய கம்பெனி என்றால், அது பெரிய கம்பெனியிடம் வாங்கியிருக்கும் பாதையே போதாமல் இருக்கலாம்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். சரியாவது உண்மைதான், கஸ்டமர் கேரிலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் அப்டைம் பூஜ்யத்துக்குப் போகும். எத்தனை மணிக்கு இணைப்பு அறுந்தது, எதனால் என்று ரூட்டர் எழுதி வைத்த பதிவு பல மாடல்களில் அழிந்துவிடும். கோளாறு மறையவில்லை, அதன் தடயம்தான் மறைகிறது. முதலில் விளக்கைப் பார்த்து, மணியைக் குறித்து, போனில் ஒரு படம் எடுத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கேபிளில் இணைத்திருந்தும், பவர் நன்றாக இருந்தும், ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஒன்றுதான் சரிசெய்கிறது என்றால் அதுவும் ஒரு துப்புதான்: ரூட்டர் சூடேறித் திணறுகிறது, அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

மாதா மாதம் பணம் கட்டுகிறவர் எதற்கு இன்ஜினியர் வேலை பார்க்க வேண்டும் என்பது இதைவிட நியாயமான கேள்வி. பழுது பார்க்கும் பொறுப்பு கம்பெனியுடையதுதான், அதில் ஒரு பங்கைக்கூட நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறு நிகழும்போது அங்கே இருப்பவர் நாம் மட்டும்தான். லைன்மேன் வரும்போது அது இருப்பதில்லை. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல முடியாது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் பிங் ஜன்னலெல்லாம் வேண்டாம். நெட் போனதும் சிவப்பு விளக்கு எரிந்ததா, அப்போது மழையா, கரண்ட் போய் வந்ததா, பக்கத்து வீட்டில் வருகிறதா என்ற நான்கையும் காலண்டர் தாளில் நேரத்தோடு எழுதினாலே போதும். பக்கத்து வீட்டைக் கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே கம்பெனி வைத்திருக்கும் வீட்டிலும் போயிருந்தால் கோளாறு தெருவில், நமக்கு மட்டும் போயிருந்தால் நம் கேபிளில். வேறு கம்பெனி வைத்திருப்பவருக்கும் சேர்ந்து போயிருந்தால் எங்கோ பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்.

பள்ளம் என்பது இந்தப் பக்கம் அன்றாட விஷயம். மேடவாக்கம் மேம்பாலம் 2022 மே மாதம் முழுதாகத் திறக்கப்பட்டது. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ ஐந்தாம் வழித்தடத்துக்குத் தூண்கள் எழும்பத் தொடங்கின. மழைநீர் வடிகால், குழாய் என்று தோண்டல் இன்னும் பல உண்டு. நாடு முழுக்க இப்படி ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் இடங்களில் ஃபைபர் அறுபடுகிறது, இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசே கணக்குச் சொன்னது. அதைத் தடுக்கத்தான் 2023 மார்ச்சில், தோண்டும் முன் கேபிள்காரருக்குத் தகவல் கொடுக்கும் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி வந்தது. கம்பெனியை மாற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிய கம்பெனியின் கேபிளும் அதே கம்பத்தில், அதே பள்ளத்தின் ஓரமாக வந்தால் அறுபடும் நாளும் ஒன்றாகத்தான் இருக்கும். கோளாறு வைஃபையில் இருந்தால் அதுவும் புதிய கம்பெனியோடு கூடவே குடிவரும். மாற்றுவது சரியான முடிவாகும் இடம் ஒன்று உண்டு: இரவு நெரிசல் வாரக்கணக்கில் தொடர்வதும், வேறு கம்பெனி வைத்திருக்கும் பக்கத்து ஃபிளாட்டில் அதே நேரத்தில் பிங் பத்துக்குள் இருப்பதும் குறிப்பில் தெரிந்தால், தயங்காமல் மாறலாம். வேலைக்காக இரண்டாவது இணைப்பு வைப்பவர்களும், அது வேறு தெருப்பக்கம் இருந்து வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மொபைல் டேட்டாவே நல்ல மாற்று.

குறிப்பு கையில் இருந்தால் புகாரின் தொனியே மாறும். "நெட் ஸ்லோ" என்பவருக்கு ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். "லேன் கேபிளில் பார்த்தேன், ஒரு வாரமாக மழை பெய்தபோதெல்லாம் பவர் மைனஸ் 23-லிருந்து மைனஸ் 28-க்கு இறங்கி சிவப்பு விளக்கு எரிந்தது, தேதி நேரம் இதோ, படமும் இருக்கிறது" என்று எழுதிக் கொடுப்பவரைத் தட்டிக்கழிப்பது கடினம். 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் தர வேண்டும். அதை வாங்காமல் போனை வைக்கக் கூடாது. குறித்த காலத்தில் தீராவிட்டாலோ, தீர்த்த விதம் திருப்தி தராவிட்டாலோ, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராயே நேரடியாகத் தனி வாடிக்கையாளர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தொலைத்தொடர்புப் புகார்கள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கென்று நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே போய் நின்றாலும் முதலில் கேட்கப்படுவது எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இணைப்பு இல்லை என்பதுதான்.